ஜனவரி இரவுக்கு ஒரு மெழுகுச் சுவர்

மெழுகை நுண்ணிய பல்பகுதிய (பொலிமர்) உறைகளுக்குள் அடைத்து, அந்தத் தூளைச் சுவர்ப்பலகையில் கலந்துவிட்டால் தேயிலைத் தோட்டத்து வீடுகளின் இரவுக் குளிர் தீர்ந்துவிடும் என்று இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். கட்டடப் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றின் சார்பில் வந்திருந்தவர் ஒரு மாதிரிப் பலகையைக் கையில் தூக்கிக் காட்டி, பகலில் இது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், இரவில் திருப்பித் தரும் என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு தோட்டத்து அம்மா எழுந்து, "சேர், நீங்க சொல்றது வெளங்குது. ஆனா ஆனி ஆடியில எங்க பக்கம் வாரக்கணக்குல வெயில் மொகமே தெரியாது. அப்ப அந்த மெழுகு எதுல உருகும்?" என்று கேட்டார். பகல் வெளிச்சம் இருந்தாலே போதும் என்று பதில் வந்தது. அந்தப் பதில் போதாது என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. ஆனால் முழுமையான பதில் என்ன என்று யோசிக்கத் தொடங்கியபோது, அந்தக் கேள்வி நான் நினைத்ததைவிட ஆழமானது என்பது புலப்பட்டது. உயர்தர வகுப்பில் இரசாயனவியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் இப்படி உருகியும் உறைந்தும் வெப்பத்தைச் சேமிக்கும் நிலைமாற்றப் பொருட்களைப் பற்றி வாசிப்பது எனக்கு நெடுநாள் விருப்பம். இந்த மலையில் பிறந்து, தகரக் கூரையின் கீழ் கம்பளிக்குள் முடங்கி வளர்ந்தவன் என்ற முறையில் இது வெறும் பாட விடயமும் அல்ல.

அடிப்படை எளியது. 1 கிலோ கொங்கிரீட் 5 பாகை குளிரும்போது வெளிவிடும் வெப்பம் 5 கிலோயூலுக்கும் குறைவு. 1 கிலோ பரபின் மெழுகு உருகிய நிலையிலிருந்து உறையும்போது, வெப்பநிலை ஏறத்தாழ மாறாமலே, 200 கிலோயூலுக்கு மேல் வெளிவிடுகிறது. அதாவது தடித்த கருங்கற்சுவர் செய்கிற வேலையை விரல் தடிமனான ஒரு பலகையால் செய்ய முடியும். இதில் மிகை எதுவும் இல்லை. என் மனத்தை உறுத்தியது, அந்த மறைவெப்பம் எந்த வெப்பநிலையில் வெளிவருகிறது, எந்த அறைக்குள் வெளிவருகிறது என்ற இரண்டையும் அன்று யாரும் பேசாமல் விட்டதுதான்.

உறை எதற்கு

மெழுகை அப்படியே சாந்தில் கலந்தால் உருகும் ஒவ்வொரு முறையும் அது கசியும். சுவரில் எண்ணெய்க் கறை படரும். சில மாதங்களில் மெழுகு கீழே இறங்கிவிடும். பெரிய கட்டியாக ஒரு பெட்டியில் அடைத்தாலோ, மெழுகு வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள் என்பதால், ஓரத்தில் உறைந்த படலமே உள்ளே இருக்கும் உருகிய பகுதியின் வெப்பத்தை வெளியே விடாமல் தடுத்துவிடும். இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே தீர்வாக வந்ததுதான் நுண்ணுறை. இந்தக் கலை வெப்பத்துக்காகப் பிறந்ததும் அல்ல. 1950களில் அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் பாரட் கிரீன் என்பவரும் அவருடைய சகாக்களும், கரித்தாள் வைக்காமலே படியெடுக்கும் காகிதத்துக்காக, நிறமாகக்கூடிய எண்ணெய்த் துளிகளை ஜெலட்டின் உறைக்குள் அடைத்தார்கள். பேனா அழுத்தும் இடத்தில் உறை உடைந்து எழுத்துப் பதியும். அந்த உறை உடையவேண்டும். நமது உறை எந்நாளும் உடையக்கூடாது. 1980களில் நாசாவின் ஆதரவில் விண்வெளி வீரர்களின் கையுறைகளுக்காக நடந்த ஆய்வு, மெழுகு நிரப்பிய உடையாத உறைகளைத் துணிகளுக்குள் கொண்டுவந்தது. பின்னர் அவை சாந்துக்குள்ளும் பலகைக்குள்ளும் வந்தன.

உறை உருவாகும் விதத்தை வகுப்பில் விளக்குவது எனக்கு மிகவும் பிடிக்கும். உருகிய மெழுகை நீரில் விட்டு, குழம்பாக்கி ஒன்றைச் சேர்த்து வேகமாகக் கலக்கினால் அது நுண்துளிகளாகப் பிரிந்து பால் போன்ற குழம்பாகும். பின்பு அந்த ஒவ்வொரு துளியின் மேற்பரப்பிலும் பல்பகுதியம் வளரவேண்டும். மெலமைன் போமல்டிகைட்டு முறையில், நீரில் கரைந்திருக்கும் முன்பல்பகுதியம் அமிலத்தாலும் வெப்பத்தாலும் ஒடுங்கித் துளியின் மேல் படிகிறது. பொலியூரியா முறையில் ஐசோசயனேற்று எண்ணெய்ப் பக்கத்திலிருந்தும் அமைன் நீர்ப் பக்கத்திலிருந்தும் வந்து எல்லையில் சந்தித்து, சந்தித்த இடத்திலேயே சுவராகின்றன. பொலிமெதில் மெதக்ரிலேற்று முறையில், பல்பகுதியத்தின் சிறு அலகான ஒருபகுதியம் முதலில் மெழுகோடு கலந்தே இருக்கும்; பல்பகுதியமாக மாறியதும் அதற்கு மெழுகுக்குள் இடமில்லாமல் போக, விளிம்புக்கு ஒதுங்கி உறையாகிறது. கட்டடங்களில் இந்த மூன்றாவது வகையையே நான் விரும்புவேன், ஏனென்றால் அதில் போமல்டிகைட்டு என்ற நச்சு வாயு இல்லை. சிறு குழந்தைகள் உறங்கும், சன்னல்கள் பெரும்பாலும் மூடியே கிடக்கும் ஓர் அறையில் போமல்டிகைட்டு கசியக்கூடிய பொருளைப் பூசுவதை நான் ஏற்கமாட்டேன்.

10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உறைகள் 1 கிலோவில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் கோடி அடங்கும். அவற்றின் மேற்பரப்புகளைக் கூட்டினால் 600 சதுர மீட்டரைத் தாண்டும். வெப்பம் ஒரு துளியின் நடுவுக்குப் போய்ச்சேர 5 மைக்ரோமீட்டர் கடந்தால் போதும். மெழுகின் மந்தம் அங்கே ஒரு பொருட்டே இல்லை. உருகும்போது பரபின் கனவளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விரியும் என்பதால், ஒரு மைக்ரோமீட்டரிலும் மெல்லிய அந்த உறை நாள்தோறும் விரிந்து சுருங்கியும் வெடிக்காமல் நிற்கவேண்டும். நல்ல உறைகள் ஆயிரக்கணக்கான சுற்றுகளைத் தாங்குகின்றன. இதை அறிந்தவர்கள் இந்தத் தொழில்நுட்பத்தை எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள், நானும் ஒதுக்கவில்லை.

உருகும் இடமும் உறையும் இடமும்

ஐரோப்பியச் சந்தைக்காகச் செய்யப்பட்ட சுவர்ப்பலகைகளில் உருகுநிலை பெரும்பாலும் 21, 23, 26 பாகை செல்சியஸ் என்று இருக்கும். அவை பிறந்த நோக்கம் கோடைகால அலுவலகங்களைக் குளிர்மையாக வைத்திருப்பது: பிற்பகலில் அறை சூடேறும்போது மெழுகு உருகி அந்தச் சூட்டை உறிஞ்சும், இரவில் சன்னலைத் திறந்து மெழுகை மீண்டும் உறைய வைப்பார்கள். 26 பாகைப் பலகை ஒன்றை நுவரெலியாவில் ஒரு வீட்டுச் சுவரில் பொருத்தினால் என்ன நடக்கும்? கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே, ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையளவில் இருக்கும் ஊர் அது. வெளியில் பகல் உச்சமே 20 பாகையை ஒட்டித்தான் நிற்கிறது. அந்த மெழுகு ஆண்டு முழுவதும் திண்மமாகவே இருக்கும். அதில் ஒரு யூல் மறைவெப்பமும் போய்ச் சேராது. பணம் கொடுத்து வாங்கிய அந்தப் பலகை வெறும் பலகையாகவே நிற்கும்.

இதைப் புரிந்துகொள்ள நம்மவர்களுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உருகும். கொழும்பில் அது எப்போதும் திரவம். நுவரெலியாவிலும் கந்தப்பளையிலும் போத்தலை அடுப்போரம் வைத்து இளக்காமல் தலைக்குத் தேய்க்க முடியாது. அடுப்பங்கரைக்கு வெளியே அந்த எண்ணெய் தானாக உருகாத வீட்டில், 23 பாகை மெழுகும் தானாக உருகாது.

ஆகவே உருகுநிலை 18 பாகையை ஒட்டியிருக்கும் பொருள் வேண்டும். எக்சாடெக்கேன் 18 பாகையில் உருகுகிறது. பியூட்டைல் ஸ்டியரேற்று 19 பாகையளவில் உருகும், ஆனால் அதன் மறைவெப்பம் குறைவு. தேங்காயெண்ணெயிலிருந்தும் கிடைக்கும் கப்ரிக் அமிலத்தையும் லோரிக் அமிலத்தையும் தகுந்த விகிதத்தில் கலந்தால் 20 பாகைக்கு அண்மையில் உருகும் கலவை கிடைக்கிறது. தென்னை வளரும் நாடு என்பதால் இந்தக் கடைசி வழியில் எனக்கு ஒரு தனிப் பற்று உண்டு. கொழுப்பமிலங்களுக்கு மணமும் அரிப்புத் தன்மையும் உண்டு என்பதால் உறையின் தரம் அங்கே இன்னும் முக்கியமாகிறது.

என் எண்ணத்தைத் திருப்பியது இதற்கு அடுத்து வரும் செய்தி. உருகுநிலை சரியாக அமைந்துவிட்டால் போதும் என்றே நானும் எண்ணியிருந்தேன். பேராதனையில் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர், எந்த வெப்பநிலையில் எவ்வளவு வெப்பம் உள்ளே போகிறது, வெளியே வருகிறது என்று காட்டும் வகையில், உறையிட்ட ஒக்டாடெக்கேன் என்ற மெழுகின் சூடேற்றல் வளைகோட்டையும் குளிர்த்தல் வளைகோட்டையும் ஒரே தாளில் வரைந்து என் முன் வைத்தார். சூடேற்றும்போது 28 பாகையில் அழகான ஒரே மேடு. குளிர்த்தும்போதோ அந்த மேடு சிதறிக் கிடந்தது. ஒரு பகுதி எதிர்பார்த்த இடத்துக்கு அருகிலும், பெரும்பகுதி பத்துப் பாகைக்கு மேல் தாழ்ந்தும் விழுந்திருந்தது. திரவம் உறைவதற்கு முதலில் ஒரு பளிங்குக் கரு தோன்றவேண்டும். வாளியளவு மெழுகில் தூசியோ பாத்திரத்தின் கீறலோ எங்காவது ஒரு கருவைத் தொடங்கி வைத்தால் முழுவதும் உறைந்துவிடும். அதே மெழுகை இலட்சம் கோடி அறைகளாகப் பிரித்துப் பூட்டிவிட்டால், ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக ஒரு கரு வேண்டும். தூசி அத்தனை துளிகளுக்குள்ளும் இருக்காது. கரு கிடைக்காத துளி, உறைநிலையைக் கடந்த பிறகும் திரவமாகவே காத்திருக்கும். அதாவது மெழுகைக் காக்கும் உறையே, அது வெப்பத்தைத் திருப்பித் தருவதையும் தாமதப்படுத்துகிறது.

இந்தத் தாமதம் சூடான நாட்டுக்குப் பெரிய குற்றமில்லை. அங்கே மெழுகு உருகுவதுதான் பயன். இரவில் அது எந்த நேரத்தில் உறைந்தாலும் சரி. நமக்கு உறைவதுதான் பயன். ஒரு துளி 18 பாகையில் உருகி, 8 பாகை வரை உறைய மறுத்தால், அறை 8 பாகைக்கு வரும்வரை அந்த வெப்பம் யாருக்கும் இல்லை. கிழவிக்கும் குழந்தைக்கும் குளிர் அதற்கு வெகு முன்பே எலும்பைத் தொட்டுவிடும். இதற்கு மருந்து உண்டு: உயர்ந்த உருகுநிலையுள்ள வேறொரு மெழுகையோ ஒக்டாடெக்கனோல் போன்ற அற்ககோலையோ சிறிதளவு சேர்த்தால், அது முதலில் பளிங்காகி ஒவ்வொரு துளிக்குள்ளும் கருவாக நிற்கும். ஆனால் அது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை உருகுநிலையை மட்டும் அச்சிட்ட விற்பனைத் தாளிலிருந்து அறிய முடியாது. ஆகவே இந்த மலைக்கு இந்தப் பொருளை வாங்குகிறவர் எவராயினும், குளிர்த்தல் வளைகோட்டைத் தரும்படி கேட்கவேண்டும். அது இல்லாமல் ஒரு பலகையையும் வாங்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பத்துக்குப் பன்னிரண்டு

இனி அறைக்கு வருவோம். 10 அடிக்கு 12 அடி லயக் காம்பரா ஒன்றை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையை, எடுத்துக்கொள்ளுங்கள். 8 அடி உயரத்துக்குச் சுவர்களைக் கணக்கிட்டு, கதவையும் சன்னலையும் கழித்தால் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் மிஞ்சும். சதுர மீட்டருக்கு 3 கிலோ உறைத்தூள், உறையின் எடையும் சேர்வதால் வெறும் மெழுகைவிடக் குறைவாகக் கிலோவுக்கு 110 கிலோயூல் என்று வைத்தால், முழு அறையும் சேமிக்கும் மறைவெப்பம் 9,900 கிலோயூல். அதைப் பத்து மணிநேர இரவுக்குப் பங்கிட்டால் 275 வாற்று. அமைதியாக இருக்கும் மூன்று மனிதர்களின் உடல் வெளிவிடும் வெப்பத்தை விடச் சற்றுக் குறைவு.

அதே அறையின் கூரை ஒற்றைத் தகரம். பரப்பு 11 சதுர மீட்டர். வெற்றுத் தகரம் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு, ஏறத்தாழ 7 வாற்று இழக்கும். உள்ளுக்கும் வெளிக்கும் 6 பாகை வித்தியாசம் என்றால் கூரை வழியாக மட்டும் 400 வாற்றுக்கு மேல் போகிறது. சுவர்கள் முழுவதும் மெழுகைப் பூசிச் சேர்த்த வெப்பத்தை, தகரம் தனியாகவே குடித்துத் தீர்த்து இன்னும் கேட்கும். ஓரங்களில் நுழையும் காற்று எடுத்துக்கொள்வதை நான் இன்னும் சேர்க்கவில்லை. அந்தக் கூரையின் கீழ் வெப்பக் காப்புள்ள நல்ல ஒரு சீலிங் அடித்தால் அந்த 400 வாற்று 100 வாற்றுக்கும் கீழே வந்துவிடும். அதற்குப் பிறகுதான் 275 வாற்றுக்குப் பொருள் உண்டாகிறது.

விறகை வைத்துப் பார்த்தபோது இந்தக் கணக்கு என்னை இன்னும் உலுக்கியது. காய்ந்த விறகு ஒரு கிலோவில் 15,000 கிலோயூல் அளவில் வெப்பம் இருக்கிறது. ஓர் அறையின் நான்கு சுவர்களும் சேர்ந்து சேமிப்பது முக்கால் கிலோ விறகுக்கும் குறைவானது. இதைக் கண்டு முதலில் சோர்ந்துபோனேன். பின்பு வேறு பக்கத்திலிருந்தும் பார்த்தேன். அந்த விறகை யாரோ ஒரு பெண் நாள் முழுவதும் கொழுந்து பறித்த பிறகு மலைச்சரிவில் தலைச்சுமையாக இறக்கிவருகிறாள். எரியும்போது அதன் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு போகிறது. மிஞ்சும் புகை அவளுடைய நெஞ்சுக்குள் போகிறது. சுவர் தரும் வெப்பத்துக்குச் சுமையும் இல்லை, புகையும் இல்லை. அளவில் சிறியது என்பதற்காக அதை அற்பம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த அம்மாவின் கேள்விக்கும் இந்த இடத்தில்தான் பதிலின் ஒரு பாதி கிடைத்தது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று நிற்கும்போது டிக்கோயா, மஸ்கெலியா, நோர்வூட் பக்கங்களில் மூடுபனியும் தூறலும் விடாது. பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் சில பாகைகள்தான். அப்போது 18 பாகை மெழுகு உருகாது. அவர் சந்தேகப்பட்டது முற்றிலும் சரி. ஆனால் மிகக் கொடிய குளிர் அந்த மாதங்களில் வருவதில்லை. ஜனவரி, பெப்ரவரியில், முகில் இல்லாத வானத்தின் கீழ் தரை தன் வெப்பத்தை வெட்டவெளிக்கு இழக்கும்போதுதான் வருகிறது. நுவரெலியாவில் துகள் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவது அந்த இரவுகளில்தான். முகில் இல்லாத அந்த இரவுக்கு முந்திய பகலிலும் பெரும்பாலும் முகில் இருப்பதில்லை. உறைபனி விழும் இரவுக்கு முன்னால் நல்ல வெயில் அடித்திருக்கும். மெழுகுக்கு வேண்டிய பகலும் அது உதவவேண்டிய இரவும் அடுத்தடுத்து வருகின்றன. ஆண்டு முழுவதும் உழைக்காத பொருள் என்றாலும், மிகக் கடுமையான வாரங்களில் உழைக்கக்கூடிய பொருள் இது. மழை மாதங்களுக்கு அடுப்பின் பின்சுவர் ஒன்றுதான் நம்பகமான வெப்ப ஊற்று. அங்கே வேறு உருகுநிலையுள்ள வேறொரு பொருள் வேண்டும்.

சீலிங் அடித்தால் தகரம் பகலில் தரும் சூடும் தடைபடும் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அதனால் சீலிங்கில் பகலில் திறந்து மாலையில் மூடும் ஒரு கதவும், கிழக்கு அல்லது மேற்கு பார்த்த கண்ணாடிச் சன்னலும் வேண்டும். தனிக் காணிகளில் எழும்பும் புதிய தனிவீடுகளில் இதைத் திட்டத்திலேயே சேர்க்க முடியும்.

பழைய லயங்களில் இதைப் பூசுவதை நான் எதிர்க்கிறேன், காரணம் தீ. மேலே சொன்ன கணக்கின்படி ஓர் அறைக்கு 90 கிலோ உறைத்தூள். அதன் பெரும்பகுதி எரியக்கூடிய மெழுகு, உறையும் எரியக்கூடியது. ஜிப்சம் பலகைக்குள் இருக்கும்போது அது உடனே பற்றாது என்பது மெய். ஆனால் ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை வழியாக வரிசை முழுவதையும் சாம்பலாக்கிய செய்தியை மலையகத்தில் வாசிக்காதவர் யார்? தீத்தடுப்புச் சுவரில்லாத வரிசை வீடுகளுக்குள் யாரும் எரிபொருளைக் கொண்டுபோகக்கூடாது. மெழுகுக்குப் பதிலாக எரியாத உப்பு நீரேற்றுகள் (நீரைத் தம்முள் பிணைத்த உப்புகள்) இருக்கின்றனவே என்றால், அவற்றின் வரலாறும் எச்சரிக்கை நிறைந்தது. 1948இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் டோவர் என்ற ஊரில், ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி மரியா டெல்க்ஸ், கட்டடக் கலைஞர் எலினோர் ரேமண்டுடன் சேர்ந்து, வெயிலை மட்டும் நம்பிய ஒரு வீட்டை அமைத்தார். அதன் வெப்பச் சேமிப்பு குளோபர் உப்பு என்ற உப்பு நீரேற்று. 32 பாகையில் உருகுவது. முதல் குளிர்காலங்களில் வீடு சூடாகவே இருந்தது. மீண்டும் மீண்டும் உருகி உறைந்ததில் உப்பு அடுக்கடுக்காகப் பிரிந்து, கொள்கலன்களும் அரித்துப்போய், மூன்றாவது குளிர்காலத்தில் கைவிட்டது. சேமிப்புப் பொருளை ஓர் ஆண்டு பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதை நான் டெல்க்ஸின் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

எனவே நான் கேட்பது ஒரு நேர்மையான சோதனை. நுவரெலியாவுக்கு அண்மையில், ஒரே திசை பார்த்த மூன்று புதிய தனிவீடுகள். ஒன்று இப்போது கட்டுகிறபடி; இன்னொன்றில் காப்புள்ள சீலிங்கும் இடைவெளி அடைத்த ஓரங்களும் மட்டும்; மூன்றாவதில் அவற்றோடு 18 பாகைக்கு அண்மையில் உருகி, 16 பாகைக்குள் உறைந்து முடிவதாக வளைகோடு காட்டிய உறைப்பலகை. கட்டில் உயரத்தில் ஒரு வெப்பமானி, மூன்று ஜனவரிகள், அதிகாலை நான்கு மணி அளவீடு. அளவீட்டை அந்தந்த வீட்டுக்காரர்களே குறிக்கவேண்டும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை வேலைக்கூட்டத்துக்கு, எழும்பும் வீடுகளில் அந்த நேரத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் இடையில் ஒரு பாகைகூட வித்தியாசம் வரவில்லை என்றால், பலகைக்கு ஒதுக்கும் பணம் முழுவதையும் இன்னும் அதிக வீடுகளுக்குச் சீலிங் அடிக்கக் கொடுத்துவிடலாம். இரண்டு, மூன்று பாகை வித்தியாசம் வந்தால், கப்ரிக், லோரிக் கலவையை இங்கேயே உறையிடும் வேலையைத் தொடங்க வேண்டுமென்று வாதிட நான் முதல் ஆளாக வருவேன்.